ஓசூர் வட்டாரத்தில் வாசல் கழுவுதல்: சாணத் தெளிப்பிலிருந்து பிரஷர் வாஷர் வரை

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாசலைச் சுத்தம் செய்யும் நான்கு முறைகள் இன்று அக்கம்பக்கமாகவே வழக்கில் உள்ளன. கிராமத்து மண் வாசலில் சாணம் தெளிக்கிறார்கள். லைன் வீடுகளின் சிமெண்ட் வாசலில் வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுகிறார்கள். லே-அவுட் வீடுகளில் ரப்பர் குழாயைப் பிடித்துக் கழுவுகிறார்கள். கார் நிறுத்தும் அளவுக்கு அகன்ற வாசல் உள்ளவர்கள் பிரஷர் வாஷர் வாங்குகிறார்கள். இந்த மாற்றம் முழுவதும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குள் நடந்தது. வாஷர் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் 'எத்தனை பார்?' என்றுதான் முதலில் கேட்கிறார். இந்த வட்டாரத்தின் தண்ணீர் வரலாற்றை அறிந்தவர் 'நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்பார்.

மண் வாசல்

'வாயில்' என்ற சொல்லே மருவி 'வாசல்' ஆயிற்று. வீட்டுக்கு முன்னால் உள்ள இடத்துக்குப் பழைய தமிழில் 'முன்றில்' என்று பெயர். இல்லத்தின் முன் என்பதே அதன் பொருள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் ஓசூர்ப் பகுதியில் கோலம், முக்கு, ரங்கோலி என்று பெயர் மாறினாலும், விடியலில் வாசல் தெளிக்கும் வழக்கம் மூன்று மொழிக்காரர்களுக்கும் பொது.

மண் வாசலைக் 'கழுவ' முடியாது. கழுவினால் சேறாகும். அதைக் கூட்டுவார்கள், சாணம் கரைத்த நீரைக் கையால் விசிறித் தெளிப்பார்கள். அரை வாளித் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். சாணக் கரைசல் மண்ணின் மேல்பரப்பில் மெல்லிய படலமாகக் காய்ந்து புழுதியை அடக்கும். தெளித்த நீர் அங்கேயே மண்ணில் இறங்கிவிடும், சாக்கடைக்குப் போக எதுவும் மிஞ்சாது. கருங்கல் மலிவாகக் கிடைக்கும் பகுதி என்பதால் சில வீடுகளில் வாசற்படிக்கு முன் கற்பலகை பதிப்பதுண்டு. அதன் இடுக்கிலும் மண்தான்.

இந்த முறையை இன்று பலர் அழகுபடுத்திப் பேசுகிறார்கள். விடியற்காலைக் குளிரில் குனிந்து நின்று இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள் என்பதை அந்தப் பேச்சில் மறந்துவிடுகிறார்கள். சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் மார்கழிக் குளிரை அறிந்தவர்களுக்கு அது எத்தகைய வேலை என்பது புரியும். மண் வாசல் போனதற்கு அந்த உழைப்பைக் குறைத்துக்கொள்ளும் விருப்பமும் ஒரு காரணம்.

தொழிற்பேட்டையும் சிமெண்ட் வாசலும்

1965இல் தர்மபுரி மாவட்டம் உருவாகும் வரை ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1971இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது இதற்குப் பெரிய வசதி. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980இல் வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984இல் நிறுவிய டைட்டன், கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கே அமைத்தது. பல மாவட்டங்களிலிருந்து இளைஞர்கள் வேலை தேடி வந்தார்கள். அவர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள், பிறகு வீட்டுவசதிக் குடியிருப்புகள், பிறகு தனியார் லே-அவுட்டுகள் என ஊர் நாலாபுறமும் பரவியது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது.

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டிய வீட்டில் சாணம் கரைக்க நேரமில்லை, மாடும் இல்லை. வாசலில் சிமெண்ட் பூசினார்கள். வசதி கூடியதும் மொபெட் நின்ற இடத்தில் பைக்கும், பைக் நின்ற இடத்தில் காரும் நின்றன. காருக்காக வாசல் அகன்றது. அதில் பேவர் பிளாக் கற்களோ, உள்ளூரிலேயே அறுத்து மெருகேற்றிய கிரானைட்டோ பதிக்கப்பட்டன. கிருஷ்ணகிரி கிரானைட் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பண்டம். இங்கே அதன் வெட்டுத் துண்டுகள் வாசலுக்கு வருவது இயல்பு.

சிமெண்ட் வாசல் புழுதியை உறிஞ்சாது, எண்ணெய்க் கறையை மறைக்காது, மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். மண் தானாகவே செரித்துக்கொண்ட அழுக்கையெல்லாம் சிமெண்ட் வாசலில் மனிதர்தான் அப்புறப்படுத்த வேண்டும். அரை வாளியில் முடிந்த வேலை ஐந்து வாளி ஆயிற்று. கழுவ வேண்டிய வாசல் என்பதே சிமெண்டோடு பிறந்த பொருள் எனலாம்.

தண்ணீர் வந்த வழி

வாசலுக்கு ஐந்து வாளி தேவைப்பட்ட அதே காலத்தில் வட்டாரத்தின் தண்ணீரும் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இது கடினப் பாறைப் பூமி. கிணறு வெட்டினால் சில ஆள் ஆழத்திலேயே கருங்கல் தட்டும். பாறை வெடிப்புகளில் தேங்கியதுதான் நிலத்தடி நீர். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் வந்து ஆழ்துளை போடத் தொடங்கிய பின், கிணறு எட்டாத ஆழத்திலிருந்தும் நீர் ஏறியது. அந்த நீரோடு ஃப்ளோரைடும் ஏறியது. கிரானைட், நைஸ் வகைப் பாறைகளில் உள்ள ஃப்ளோரைடு, நெடுங்காலம் அவற்றோடு உறவாடும் நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வரம்பிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் அது இந்த வரம்பைத் தாண்டியது. குழந்தைகளின் பற்களில் பழுப்புப் பட்டைகளும், பெரியவர்களுக்கு மூட்டு வலியும் எலும்பு வளைவும் கண்டன.

இதற்கு மாற்றாக வந்ததே ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம். 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, எல்லையில் பதற்றம் நிலவியது. ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்ட பணிகள் நடந்து, 2013 மே மாதம் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். காவிரியில் எடுத்த நீரைச் சுத்திகரித்து, மேட்டு நிலத்துக்குப் பம்புகளால் ஏற்றி, இரு மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். ஒகேனக்கல் நீர் ஒரு பங்கும் உள்ளூர் ஆழ்துளை நீர் ஒரு பங்குமாக மாநகரின் குழாய்கள் நிறைகின்றன. இரண்டும் போதாத வீடுகளுக்கு டேங்கர் லாரி வருகிறது.

ஒகேனக்கல் நீரை ஒரு வாசலில் ஊற்றும்போது, மலையேற்றிய மின்சாரமும் சுத்திகரித்த செலவும் ஃப்ளோரைடு இல்லாத குடிநீரும் சேர்ந்தே ஊற்றப்படுகின்றன. பக்கத்துக் கிராமத்தில் அந்த நீருக்குக் குடம் காத்திருக்கலாம்.

இயந்திரம் வந்த வழி

அழுத்தத்தால் கழுவும் இயந்திரம் நீராவியில் தொடங்கியது. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபிராங்க் ஓஃபெல்ட் என்பவர் உருவாக்கிய 'ஸ்டீம் ஜென்னி' இயந்திர எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கப் பயன்பட்டது. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கேர்ஷர் 1935இல் தொடங்கிய நிறுவனம், ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்தக் கழுவியை 1950இல் உருவாக்கியது. அவர் 1959இல் இறந்த பின் மனைவி ஐரீன் நிறுவனத்தை நடத்தினார். 1984இல் அந்த நிறுவனம் எச்.டி. 555 என்ற கையில் தூக்கிச் செல்லக்கூடிய இயந்திரத்தை வெளியிட்டது. அதுவரை பணிமனையில் இருந்த பொருள் அதன்பிறகே வீட்டுப் பொருளானது.

ஓசூர் வட்டாரத்துக்கு இது வேறு பாதையில் வந்தது. இங்கே முதலில் வந்தவை மோட்டாரும் பெல்ட்டும் பூட்டிய மூன்று பிஸ்டன் பம்புகள். எச்.டி.பி. பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்த வகை, அடிப்படையில் மருந்து தெளிக்கும் இயந்திரம். மாந்தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உயர்ந்த மரங்களுக்கு மருந்தடிக்க ஏற்றது. அதே பம்ப், துப்பாக்கி முனையை மாற்றினால் லாரி கழுவும். பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை, வாட்டர் வாஷ் கடைகளுக்கும் பஞ்சமில்லை. இந்தப் பம்புகளின் அழுத்தம் பொதுவாக 20 முதல் 40 கிலோ. ஆனால் நிமிடத்துக்கு 20, 30 லிட்டர் என்று நீரை வாரி இறைக்கும். 'பிரஷர் வாஷ் என்றால் தண்ணீர் விரயம்' என்ற எண்ணம் இந்தக் கடைகளைப் பார்த்து வளர்ந்தது.

2010களில் இணைய வணிகத்தோடு பரவிய சிறிய மின்சார வாஷர் இதற்கு நேரெதிரான சாதனம். அழுத்தம் மிக அதிகம், நீர் குறைவு. 100 பார் என்பது எவ்வளவு? பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். ஓசூர் மேட்டிலிருந்து கடல்மட்டம் வரை நேராக ஒரு குழாய் இறக்கி நீர் நிரப்பினால், அதன் அடியில் இருக்கும் அழுத்தம் சுமார் 90 பார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வாசல் குழாய்க்கு வருவதோ ஒரு பார்கூட இல்லை.

எதைப் பார்த்து வாங்குவது

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பார் எண் பெரும்பாலும் உச்ச அழுத்தம். தொடர்ந்து வேலை செய்யும்போதுள்ள அழுத்தம் அதைவிடக் குறைவு, சிறு எழுத்தில் இருக்கும். ஓர் எளிய கணக்கு உண்டு: பார் அளவை நிமிட லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால், நீருக்குள் செல்லும் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். 100 பார், 6 லிட்டர் என்றால் 1 கிலோவாட். மோட்டாரிலும் பம்பிலும் இழப்பு உண்டு என்பதால் இதற்கு 1,400 முதல் 1,600 வாட் வரை மின்சாரம் வேண்டும். 1,500 வாட் மோட்டாரில் 200 பார், 8 லிட்டர் இரண்டும் ஒருசேரக் கிடைக்கும் என்று எழுதியிருந்தால், அது 2.6 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. உள்ளே போன மின்சாரத்தைவிட அதிக வேலை வெளியே வராது. இந்த ஒரு கணக்கைப் போட்டாலே விளம்பரங்களில் பாதி உதிர்ந்துவிடும்.

வீட்டு வாசலுக்கு 100 முதல் 120 பார் போதும். சொல்லப்போனால் அதற்கு மேல் போவது கேடு. பேவர் பிளாக்கின் இடுக்கு மணலை வலுத்த தாரை பறித்தெடுத்துவிடும். சில மாதங்களில் கற்கள் ஆடத் தொடங்கும். பழைய சிமெண்ட் பூச்சு பொரியும். ஊசி போன்ற பூஜ்ய டிகிரி முனை சிவப்பு நிறத்தில் வரும். வாசலில் அதற்கு வேலையில்லை. 25 டிகிரி பச்சை முனையோ, 40 டிகிரி வெள்ளை முனையோ தரைக்கு ஏற்றது. மெருகேற்றிய கிரானைட்டுக்கு வாஷரே தேவையில்லை, ஈரத்துணி போதும். சொரசொரப்பான கல்லில் பாசி படிந்தால்தான் தாரைக்கு வேலை. தாரை தோலைக் கிழித்து உள்ளே புகக்கூடியது என்பதால் செருப்புக் காலோடு நின்று சொந்தக் கால் பக்கமே பீய்ச்சும் வழக்கத்தை விட வேண்டும். பூட்ஸ் அணிவது நல்லது.

மோட்டார் இரு வகை. கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டார் விலை குறைவு, எடை குறைவு, இரைச்சல் அதிகம். தொடர்ந்து ஓட்டினால் சூடேறும். இண்டக்‌ஷன் மோட்டார் கனமானது, விலை கூடுதல், நெடுநாள் உழைக்கும். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் வாசல் கழுவுகிறவருக்கு முதல் வகையே போதும். 1,600 வாட் என்பது 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர். வாசல் விளக்கின் 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகக் கூடாது. 15 ஆம்பியர் சாக்கெட்டும், கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். நனைந்த தரை, நனைந்த கை, நீண்ட ஒயர் என்ற மூன்றும் சேரும் வேலை இது.

இவ்வட்டாரத்துக்கே உரிய இரண்டு விஷயங்களைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஒன்று, ஆழ்துளை நீரின் கடினத்தன்மை. அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் பம்பின் வால்வுகளிலும் முனையின் நுண்துளையிலும் படியும். ஆழ்துளையில் வரும் பாறைத்தூள் சீல்களைத் தேய்க்கும். நுழைவாயில் வடிகட்டி இல்லாத இயந்திரத்தை இந்த மண்ணில் வாங்குவது பணத்தை மண்ணில் போடுவதே. இரண்டாவது, இழுப்புத் திறன். குழாய் அழுத்தத்தை மட்டும் நம்பும் இயந்திரம், மாடித்தொட்டிக் குழாயின் பலவீனமான ஓட்டத்தில் திணறும். டிரம்மிலிருந்து தானே நீரை உறிஞ்சும் வகையாக இருந்தால் குழாயை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அந்த டிரம்மில் எந்த நீர் என்பதுதான் முக்கியம். 2003இல் தமிழ்நாடு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஓசூரின் மழை கோடை இடிமழையிலும் தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களிலும் பிரிந்து பெய்வதால் சேகரிக்க வாய்ப்பு அதிகம். கூரையிலிருந்து வடியும் மழைநீரில் உப்பு இல்லை; பம்புக்கும் நல்லது. இந்த வட்டாரத்தில் வாசல் கழுவப் பொருத்தமான நீர் அது ஒன்றே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

லிட்டர் கணக்கு

20 அடிக்கு 15 அடி வாசலை எடுத்துக்கொள்வோம். 300 சதுர அடி. நிமிடத்துக்கு 15 லிட்டர் விடும் ரப்பர் குழாயால் அரை மணி நேரம் கழுவினால் 450 லிட்டர். நிமிடத்துக்கு 7 லிட்டர் வாஷரால் 40 நிமிடம் கழுவினால் 280 லிட்டர். கூட்டிவிட்டு ஐந்து வாளி ஊற்றித் தேய்த்தால் 75 லிட்டர். அதாவது ரப்பர் குழாயோடு ஒப்பிட்டால் வாஷர் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது, துடைப்பத்தோடு ஒப்பிட்டால் விரயம் செய்கிறது. விற்பனையாளர் முதல் ஒப்பீட்டை மட்டும் சொல்வார். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. வாஷரின் 280 லிட்டர் அந்தக் கணக்கில் ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீர்.

இயந்திரம் கையில் இருந்தால் அடிக்கடி கழுவத் தோன்றும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, பாசியும் கறையும் ஏறிய பின் பயன்படுத்தினால் வாஷர் நல்ல கருவி. வாராவாரம் என்றால் இல்லை. அத்தனை அரிதான வேலைக்குச் சொந்தமாக வாங்குவதைவிட, நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்குவதோ, வாடகைக்கு எடுப்பதோ மேல்.

எல்லைக்கு அப்பால் இதன் மறுபக்கத்தைப் பெங்களூரு 2024இல் கண்டது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய அந்த மார்ச் மாதத்தில், வாகனம் கழுவவும் தோட்டத்துக்கும் கட்டுமானத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்த நகரக் குடிநீர் வாரியம், மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. ஒரே வகைப் பாறை, ஒரே வகை ஆழ்துளை. ஜூஜூவாடி எல்லைச் சாவடியால் நிலத்தடி நீர் மாறிவிடுவதில்லை.

கழுவிய நீர் போகும் இடம்

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் புறம் வழியாக வந்து, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு நீரும் இதில்தான் சேர்கிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் எழுந்து பாலத்தையும் வயலையும் மூடிய காட்சி பலமுறை செய்தியாகியிருக்கிறது. அந்த நுரையில் ஆலைக் கழிவின் பங்கு எவ்வளவு, வீட்டுச் சலவைத்தூளின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இரு மாநிலங்களுக்கிடையே ஓயவில்லை. ஆனால் நுரைக்குச் சோப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

வாஷரோடு தரும் சோப்புக் குப்பி இந்த வரலாற்றில் சிறிய பொருளல்ல. வாசலின் புழுதிக்கும் பாசிக்கும் நீரின் வேகமே போதும். எண்ணெய்க் கறை உள்ள இடத்தில் மட்டும் கொஞ்சம் சோப்பைத் தொட்டு, தேய்த்து, துணியால் எடுத்துவிடலாம். கடைகளில் ஆசிட் என்று விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுவோர் உண்டு. அது சிமெண்டையும் பேவர் பிளாக்கையும் அரித்துச் சொரசொரப்பாக்கும்; அடுத்த முறை பாசி இன்னும் எளிதாகப் பற்றும்.

கழுவிய நீரைத் தெருச் சாக்கடைக்கு விடாமல் வாசலோரத்தில் ஓரடி அகல மண்பட்டை விட்டு அதில் வடியச் செய்யும் வீடுகள் மத்திகிரி, பாகலூர் சாலைப் பக்கம் இப்போதும் உண்டு. செம்பருத்தியோ, ஓசூருக்குப் பெயர் வாங்கித் தந்த ரோஜாவோ அதில் நிற்கும். முழு வாசலையும் சிமெண்டால் மூடாமல் விட்ட அந்த ஓரடியில் காலையில் யாராவது கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டிருப்பார்கள்.